ஈஸ்டுக்குள்ளே ஒரு மணி அடிக்குது!



எங்க ஆச்சிக்குச் சர்க்கரை வியாதி உண்டு. பல்செட்டை ராத்திரியிலும் கழற்ற மாட்டார்கள். போன மாசம் நாக்கு முழுக்க மாவு பூசினது மாதிரி வெள்ளையாகிவிட்டது. கம்பங்கூழ் குடித்தால்கூட எரிகிறது என்றார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "இது கேண்டிடா என்கிற ஈஸ்ட்" என்று சொல்லி ஃப்ளூகோனசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எரிச்சல் போனதும் ஆச்சி மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் வெள்ளை திரும்ப வந்துவிட்டது.

"மருந்துக்கும் சாகாதாடி அது?" என்று ஆச்சி என்னிடம் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஈஸ்ட் யார்?

ஈஸ்ட் என்பது ஒரே செல் கொண்ட பூஞ்சை. பேக்கரியில் பன்னை உப்ப வைப்பதும் ஒரு ஈஸ்ட்தான். கேண்டிடா அல்பிகன்ஸ் அதற்குத் தூரத்துச் சொந்தம். நல்லா இருக்கிற பலருடைய வாயிலும் குடலிலும் அது சும்மா இருக்கும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் பெருகிவிடும். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

மணி எப்படி அடிக்கிறது?

நம் கரிசல் காட்டில் உழும்போது வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் கிடைக்கும் இல்லையா? அதில் இருப்பது கால்சியம். நம் ரத்தத்திலும் கால்சியம் உண்டு. ஆனால் ஈஸ்ட் செல்லுக்குள்ளே வெளியே இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவாகத்தான் கால்சியம் சுதந்திரமாக உலவும். மிச்சத்தை வெளியே தள்ளிவிடும், அல்லது உள்ளே ஒரு பைக்குள் பூட்டி வைக்கும். பள்ளிக்கூடம் அமைதியாக இருந்தால்தானே மணிச்சத்தம் கேட்கும்? அது மாதிரி.

சூடு, உப்பு, மருந்து என்று ஏதாவது ஆபத்து வந்தால் கதவு திறந்து கால்சியம் உள்ளே பாயும். இதுதான் மணி. மணியைக் கேட்கும் காது, கால்மோடுலின் என்ற புரதம். அது கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்பிவிடும். கிரிஸ்1 என்று ஒரு தூதன் உண்டு. அவன் மேல் பாஸ்பேட் ஒட்டியிருக்கும் வரை செல்லின் உட்கருவுக்குள் தங்க முடியாது. (தீப்பெட்டிப் பக்கவாட்டில் தடவுகிறார்களே பாஸ்பரஸ், அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் பாஸ்பேட்.) கால்சிநியூரின் அந்த பாஸ்பேட்டைப் பிய்த்து எடுத்துவிடும். உடனே தூதன் உட்கருவுக்குள் போய், செல் சுவரைப் பலப்படுத்தும் ஜீன்களையும் கால்சியத்தை வெளியேற்றும் ஜீன்களையும் வேலை செய்ய வைப்பான். ஜீன்கள் எப்போதும் இருக்கின்றன. எது எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதுதான் ஜீன் கட்டுப்பாடு.

ஆச்சி கேள்விக்குப் பதில்

ஃப்ளூகோனசோல் ஈஸ்டின் சவ்வைக் கட்டும் வேலையைக் கெடுக்கும். ஈஸ்ட் வளராமல் நிற்கும், ஆனால் பெரும்பாலும் சாகாது. அந்த நேரத்தில் உயிரைப் பிடித்து வைப்பது இந்தக் கால்சிநியூரின்தான். மீதியை நம் உடம்புதான் முடிக்க வேண்டும். பாதியில் மாத்திரையை விட்டால் மிச்சம் இருப்பது மறுபடி பெருகும்.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஹைட்மேன் குழுவினர், கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு ஈஸ்டுக்கு நோய் உண்டாக்கக் கால்சிநியூரின் தேவை என்று 1997-ல் காட்டினார்கள். கால்சிநியூரின் இல்லாத கேண்டிடா ரத்தச் சீரத்தில் பிழைக்காது என்று 2003-லும், அதற்குக் காரணம் சீரத்தில் உள்ள கால்சியமே என்று 2005-லும் கண்டார்கள்.

அப்படியானால் கால்சிநியூரினை நிறுத்தும் மருந்து கொடுத்தால் என்ன? சைக்ளோஸ்போரின் என்று ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஃப்ளூகோனசோலோடு சேர்த்தால் கேண்டிடா செத்துவிடுகிறது. ஆனால் நம் வெள்ளணுக்களுக்கும் அதே கால்சிநியூரின் வேண்டும்! மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக் கொடுப்பது அதே மருந்துதான். பூஞ்சையின் பூட்டுக்கு மட்டும் பொருந்தும் சாவியை விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் செய்த தப்பு

"கால்சியம்தான் காரணம், கேப்பைக் கூழும் பாலும் வேண்டாம்" என்று ஆச்சியைத் தடுத்துவிட்டேன். டீச்சர் சிரித்தார்கள். "கால்சியம் அதுக்கு மணிதான், சோறு இல்லை. நீ கூழை நிறுத்தினால் ஆச்சி எலும்புதான் தேயும்" என்றார்கள். பிறகு ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உங்களுக்குத் தெரியுமா?

கேண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்ட் பல மருந்துகளுக்கு அடங்காதது. 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரித்தார்கள். இயற்கையில் அது எங்கே வாழ்கிறது என்று தெரியாமலே இருந்தது. டெல்லியின் அனுராதா சௌத்ரி குழுவினர் அந்தமான் தீவுகளின் உப்புச் சதுப்பிலும் கடற்கரையிலும் அதைக் கண்டுபிடித்து 2021-ல் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டது. கேண்டிடா அல்பிகன்ஸ், ஆரிஸ் இரண்டும் மிக முக்கியமான பிரிவில் உள்ளன.

இப்போது ஆச்சி டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மாத்திரை சாப்பிட்டார்கள். ராத்திரி பல்செட்டைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுகிறார்கள். சர்க்கரையும் பார்த்துக்கொள்கிறார்கள். நாக்கு சிவந்துவிட்டது, என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள்!

உங்கள் வீட்டிலும் தாத்தா, ஆச்சி மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் இந்த மணிக் கதையைச் சொல்லுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி