டீச்சரின் சான்றிதழும் சம்பளமும்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அப்போது எனக்கு ஐந்து வயது. முன்பள்ளியில் இருந்தேன். வாப்பா வந்து கூட்டிச் செல்லும்வரை டீச்சர் எங்களை வெளியே விடாமல், பாட்டுச் சொல்லித் தந்துகொண்டே இருந்தார். பிறகு எங்களோடு வந்து சேர்ந்த ஒரு சிறுவன் வாய் திறக்கவே இல்லை. டீச்சர் அவனை வற்புறுத்தவில்லை. வர்ணப் பென்சில்களை அவன் பக்கத்தில் வைத்தார். பல நாட்களின் பின் அவன் தண்ணீர் கேட்டான்.

"எப்படித் தெரியும் டீச்சர்?" என்று கடந்த விடுமுறையில் கேட்டேன்.

"பயிற்சியில படிச்சதும்மா" என்றார்.

முன்பள்ளி என்றால் பாட்டும் விளையாட்டும்தானே, அதற்கு ஏன் சான்றிதழ் என்று சிலர் கேட்கிறார்கள். அந்தச் சிறுவனே அதற்குப் பதில்.

தகைமை

எமது நாட்டில் கட்டாயக் கல்வி ஐந்து வயதிலேயே தொடங்குகிறது. அதற்கு முந்திய முன்பள்ளி, 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைகளின் மேற்பார்வையில் உள்ளது. இதற்கான பயிற்சிகள் இல்லாமல் இல்லை. திறந்த பல்கலைக்கழகம் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் நெறியை நடத்துகிறது. தேசிய தொழில் தகைமையும் பெறலாம். தோட்டங்களில் நாம் 'பிள்ளைக் காம்பரா' என்று சொல்லும் இடங்கள், இன்று பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் பணிபுரியும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறி வருகின்றன.

சம்பளம்

தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. ஆனால் முன்பள்ளி ஆசிரியைகள் பலரின் வருமானம் பெற்றோர் தரும் கட்டணமே. எங்கள் டீச்சரிடம் 18 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மாதம் 800 ரூபா. எல்லோரும் கொடுத்தாலும் 14,400 ரூபாதான். கொழுந்து குறைந்த மாதத்தில் பாதிப்பேர் கொடுக்க மாட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பணத்தில்தான் கடதாசி, பசை, மின்கட்டணம் எல்லாம். வகுப்புக்காகச் சனிக்கிழமைகளில் பண்டாரவளையில் பஸ் மாறி பதுளைக்குப் போன செலவும் அவருடையதே.

தகைமையைக் கேட்பது நியாயம். ஆனால் தகைமைக்கேற்ற ஊதியம் இல்லாவிட்டால், பயின்றவர் வேறு வேலை தேடிப் போவார். பயிலாதவர் அந்த இடத்துக்கு வருவார். நட்டம் பிள்ளைக்கே.

என் விருப்பம்

உயர்தரம் முடித்து முன்பள்ளி ஆசிரியையாக விரும்புகிறேன் என்றபோது உம்மா சொன்னார்: "நல்ல வேலைதான் மகள், ஆனா பஸ் காசுக்கும் காணாதே."

உம்மாவுக்குச் சொல்ல இன்னும் என்னிடம் பதில் இல்லை. சான்றிதழ் பெற்ற ஆசிரியைக்கு நிலையான மாதச் சம்பளத்தை அரசாங்கமும் மாகாண சபையும் உறுதிசெய்தால் அதுவே பதிலாகும். அதுவரை, பெற்றோரே, இயன்றவர்கள் மாதக் கட்டணத்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையையும் டீச்சர் திருப்பி அனுப்பாமல் இருக்க அது உதவும்.