கூட்டம் நிறைந்த சாலையில் ஒரே ஒருவர்

ஏழாம் வகுப்பில் ஊசித்துளைக் காமிரா செய்து முடித்ததும், கூடுதல் தகவலாக ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினேன். 1838இல் லூயி டகேர் என்பவர் பாரிஸ் நகரச் சாலை ஒன்றை உயரமான சன்னலிலிருந்து எடுத்த படம் அது. வரிசையாக மரங்கள், கட்டடங்கள், அகன்ற சாலை. கீழே இடப்பக்கம் ஒருவர் காலைத் தூக்கி வைத்து நிற்க, இன்னொருவர் அவர் காலணியைத் துடைக்கிறார். புகைப்படத்தில் பதிவான முதல் மனிதர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் அப்படி நிற்பவர்தான்.

"டீச்சர், இவ்ளோ பெரிய ரோட்ல வேற யாருமே இல்லையா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"விடுமுறை நாளாக இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். மாலையில் படித்துப் பார்த்தபோதுதான் என் பதில் தவறு என்று தெரிந்தது. அது வண்டிகளும் மக்களும் ஓயாமல் போய்வந்த சாலை.

காரணம் என்ன?

டகேர் முறையில் வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டுவார்கள். தகட்டின் மேல் வெள்ளி அயோடைடு படியும். இது ஒளி பட்டால் மாற்றமடையும். ஆனால் மிக மெதுவாக. அந்தப் படத்துக்குப் பல நிமிடங்கள் ஒளி விழ வேண்டியிருந்தது. பிறகு தகட்டைப் பாதரச ஆவியில் காட்டினால் படம் தெரியவரும். நடந்து சென்றவர்கள் ஓரிடத்தில் போதிய நேரம் இல்லாததால் பதியவில்லை. காலணிக்காக நின்றவர் பதிந்தார்.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, "நேற்று நான் சொன்னது தவறு" என்றேன். காரணத்தை வாயால் சொல்லாமல் ஒரு செயல்பாடாகச் செய்தோம்.

செயல்பாடு

1. தாழ்வாரத் தரையில் சுண்ணக்கட்டியால் 12 கட்டங்கள் வரைய வேண்டும். அதே கட்டங்களை இரண்டு தாள்களிலும் வரைய வேண்டும்.
2. ஒரு மாணவர் ஒரே கட்டத்தில் அசையாமல் நிற்பார். இன்னொருவர் எல்லாக் கட்டங்களிலும் நடந்துகொண்டே இருப்பார்.
3. 10 விநாடிக்கு ஒருமுறை ஒருவர் கைதட்டுவார். அந்த நொடியில் நிற்பவர் இருக்கும் கட்டத்தில் முதல் தாளிலும், நடப்பவர் இருக்கும் கட்டத்தில் இரண்டாம் தாளிலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.
4. 5 நிமிடம் தொடர வேண்டும்.

முதல் தாளில் ஒரே கட்டத்தில் 30 புள்ளிகள், கட்டமே கறுத்துவிட்டது. இரண்டாம் தாளில் எந்தக் கட்டத்திலும் 4 புள்ளிகளுக்கு மேல் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தகட்டில் விழுந்த ஒளி என்றதும் வகுப்புக்கே விளங்கிவிட்டது.

"அப்போ ஷூ துடைச்சவர் மங்கலா இருக்கிறது, அவர் கை ஆடிக்கிட்டே இருந்ததாலயா டீச்சர்?" என்றாள் அதே மாணவி. அதை நான் கேட்கவே இல்லை. அவளாகவே படத்தை மறுபடி பார்த்திருக்கிறாள்.

டகேர் முறையின் விவரங்கள் 1839 ஆகஸ்ட் 19 அன்று பொதுவில் வெளியிடப்பட்டன. அதனால்தான் அந்நாள் உலகப் புகைப்பட நாள். இந்தச் செயல்பாட்டை அன்று செய்து பார்க்கலாம். தாள், சுண்ணக்கட்டி, ஒரு கடிகாரம் போதும். விடை தெரியாத கேள்வி வந்தால், "நாளை பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லவும் இப்போது நான் தயங்குவதில்லை.