எண்ணில் உறையும் காலம்

கணினிக்குத் திங்களும் இல்லை, கிழமையும் இல்லை. பெரும்பாலான கணினிகள் 1970 சனவரி முதல் நாளின் நள்ளிரவை, உலகப் பொதுநேரப்படி, தொடக்கமாகக் கொண்டு, கழிந்த நொடிகளை ஒரே எண்ணாகக் குறித்துவைக்கின்றன. அவ்வெண்ணே காலமுத்திரை.

1700000000 என்னும் முத்திரையைக் காண்போம். நாளொன்றுக்கு 86400 நொடிகள். (லீப் நொடிகள் இக்கணக்கில் வாரா.) வகுத்தால் 19675 நாள்களும், மீதி 80000 நொடிகளும் கிடைக்கும். அது 2023 நவம்பர் 14, இரவு 10 மணி 13 நிமிடம் 20 நொடி. ஆனால், அந்நொடியில் சென்னையில் பிறந்த குழந்தையின் பிறந்தநாள் 14 அன்று! இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது. 19800 நொடிகளைக் கூட்டினால், நவம்பர் 15, அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 நொடி. கூட்ட மறந்த நிரல், பிறப்புப் பதிவையே ஒருநாள் பின்தள்ளிவிடும். பின்னர் அதைத் திருத்த அலைவோர் பெற்றோரே.

அலகும் கருதத்தக்கது. ஜாவாஸ்கிரிப்ட் மொழி மில்லிநொடியில் எண்ணுவதால், அங்கு இதே கணம் பதின்மூன்று இலக்கங்களாக நீளும். அதனை நொடியென மயங்கினால், குழந்தை பிறப்பது 53000 ஆண்டுகளுக்கும் அப்பால். மாறாக, நொடியை மில்லிநொடியென மயங்கினாலோ, 1970 சனவரி 20.