பூட்டுக்குள் சாவி உடைந்தால்



மழைக் காலம் பிறந்தால் நம்ம லயங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "சாவி உள்ளுக்கே ஒடஞ்சி போச்சுங்க." சிலர் சாவி என்பார்கள், சிலர் திறப்பு என்பார்கள். உடைந்த பிறகு படுகிற பாடு எல்லோருக்கும் ஒன்றுதான்.

2024 மே மாதம் சாதாரண தரப் பரீட்சை நடந்த நாட்களில், ஒரு காலையில் ஒரு தகப்பன் எங்களைத் தேடி ஓடி வந்தார். குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து கதவைத் திறக்கும்போது சாவி முறிந்துவிட்டது. மகள் வெள்ளைச் சட்டையோடு இஸ்தோப்பில் நிற்கிறாள். அவளுடைய அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் காம்பராவுக்குள்.

அவசரத்தில் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். கையில் மிஞ்சிய துண்டை மறுபடி ஓட்டைக்குள் விட்டு அழுத்தித் திருப்பியிருக்கிறார். உள்ளே கிடந்த துண்டு இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. நம்மில் அநேகம் பேர் இதைத்தான் செய்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நம்ம தச்சு பாஸைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் முதலில் டோர்ச் அடித்துப் பார்த்தார். "ஓட்ட சாஞ்சி நிக்குதுங்க. இப்படியே இழுத்தா நாளைக்கும் வராது" என்றார். காரணம் இதுதான். இந்த மாதிரிப் பூட்டுக்குள் சின்னச் சின்ன முள்ளுகள் சாவியின் வெட்டுகளில் உட்கார்ந்திருக்கும். சாவியை எந்த நிலையில் உள்ளே விட்டோமோ, அந்த நிலைக்கு ஓட்டை திரும்பி வந்தால்தான் சாவி வெளியே வரும். பாதி திரும்பிய நிலையில் உடைந்தால் முள்ளுகள் அதை விடாது. ஆகவே சின்ன ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓட்டையின் வாயில் மட்டும் வைத்து, துண்டை உள்ளே தள்ளாமல், மெதுவாகப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும்.

பிறகு தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. துண்டின் நுனி வெளியே தெரிந்தால் கூர்மூக்குக் குறடு போதும். தெரியாவிட்டால், பலகையில் பூ வெட்டுகிற மெல்லிய வாளின் அலகு வேண்டும். அலகின் பல் நம்மைப் பார்த்திருக்க வேண்டும். சாவியின் வெட்டு உள்ள பக்கமாக அதை உள்ளே விட்டு, லேசாக முறுக்கி, பல் கொளுவியதும் நேராக இழுக்க வேண்டும். பாஸுக்கு இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் துண்டு வந்தது. உள்ளே எதுவும் கெடாததால், வீட்டிலிருந்த மற்றச் சாவி எங்கே என்று கேட்டோம். அது அலுமாரிக்குள்! கடைசியில் பாஸ் ஸ்க்ரூ டிரைவரையும் ஒரு கம்பியையும் வைத்து ஏதோ வித்தை பண்ணித்தான் கதவைத் திறந்தார். அதை இங்கே எழுத மாட்டோம். பிள்ளை முச்சக்கர வண்டியில் போய் நேரத்துக்குப் பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்தாள்.

சிலர் சூப்பர் குளூ பூசி ஒட்டி இழுக்கலாம் என்பார்கள். ஒரு துளி உள்ளே வழிந்தால் பூட்டே போய்விடும். ஆமைப்பூட்டு என்றால், ஓட்டையைக் கீழே பார்க்கப் பிடித்து மரத்துண்டால் தட்டிப் பாருங்கள். சில நேரம் துண்டு தானாகவே விழும்.

இந்தப் பொறுமையெல்லாம் ஆள் இல்லாத வீட்டுக்குத்தான். உள்ளே குழந்தையோ நோயாளியோ இருந்தால், அடுப்பு எரிந்தால், ஒரு நிமிஷமும் பார்க்க வேண்டாம். ஜன்னலையோ கதவையோ உடையுங்கள். கதவைப் பிறகு செய்துகொள்ளலாம். கைப்பிள்ளையைத் தூங்கவைத்து, வெளியே பூட்டிவிட்டு "பீலிக்குத்தானே போறேன்" என்று போகிற தாய்மாருக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம்: வேண்டாம் அம்மா. பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டுப் போங்கள்.

சாவி சும்மா உடைவதில்லை. ஈரத்தில் பலகை ஊதி, கதவு நிலையோடு இறுகிவிடும். பூட்டின் நாக்கு நெரிபடும். அப்போது சாவியோடு மல்லுக்கட்டாமல், கதவை ஒரு கையால் இழுத்தோ முழங்காலால் தள்ளியோ பிடித்துக்கொண்டு திருப்புங்கள். சாவியின் கழுத்தில் மயிரிழை போல வெடிப்புத் தெரிந்தால் அதை அன்றோடு விட்டுவிடுங்கள். பூட்டு இறுக்கமாயிருந்தால் பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவிப் போடலாம். தேங்காயெண்ணெய் கூடாது, அது நாளடைவில் தூசியோடு பிசினாகிவிடும்.

உடைந்த இரண்டு துண்டுகளையும் வீசாதீர்கள். டவுனில் சாவி வெட்டுகிறவர் அவற்றைச் சேர்த்துவைத்தே புதிது வெட்டித் தருவார். வெட்டும்போது இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தகப்பன் வெட்டிய இரண்டாவது சாவி இப்போது அடுத்த காம்பராப் பாட்டியின் சுருக்குப்பையில் இருக்கிறது.