தொப்பையும் புராஸ்டேட் புற்றுநோயும்



வெள்ளக்கடை போன்ற ஏற்காட்டு மலைக்கிராமங்களிலும் வண்டி வந்தபின் நடை குறைகிறது. நடை குறைந்தால் தொப்பை வளரும்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி. உடல் பருத்தவர்களுக்கு இச்சுரப்பியில் முற்றிய புற்றுநோய் உண்டாகும் ஆபத்து அதிகம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2014-இல் அறிவித்தது. பருத்த உடலில் இரத்தத்தின் அளவு கூடுவதால், பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் எண் குறைவாகக் காட்டி, நோயை மறைக்கவும் கூடும்.

இந்திய ஆண்களின் வயிற்றுச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருப்பது நலம். ஐம்பதைத் தாண்டியவர்கள், சிறுநீர் தடைபட்டாலோ இரத்தம் கலந்தாலோ, வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சேலத்துக்கு இறங்கிப்போகப் பணமில்லாத மலைவாழ் சகோதரர்களை ஜெபத்திலும் காணிக்கையிலும் நினைத்துக்கொள்ளுங்கள்.