ஒரே பெட்டியா, நான்கு பெட்டியா?

கேள்வி: ஐயா, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் ஒரு டர்ன்டேபிள், அப்பா சேர்த்துவைத்த சுமார் 200 எல்பி ரெக்கார்டுகள், ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவைத்த சிடிக்கள், ஒரு பவர் ஆம்ப், ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கின்றன. 25 வருடப் பழைய ப்ரீஆம்ப் மட்டும் இப்போது கரகரக்கிறது. ஸ்ட்ரீமர், டாக், ப்ரீஆம்ப், ஃபோனோ ஸ்டேஜ் என நான்கையும் தனித்தனியாக வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்கிறார். மாப்பிள்ளையோ எல்லாம் சேர்ந்த ஸ்ட்ரீமிங் ப்ரீஆம்ப் ஒன்றே போதும் என்கிறார். அறை 12 அடிக்கு 14 அடி. மொட்டைச் சுவர், டைல்ஸ் தரை. யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் அந்தக் கரகரப்பைப் பார்ப்போம். வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கேட்கிறதா, சும்மா விட்டிருக்கும்போதும் கேட்கிறதா? திருகும்போது மட்டும் என்றால் உள்ளே பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. மெக்கானிக் காண்டாக்ட் கிளீனர் அடித்து, குமிழை இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். சும்மா இருக்கும்போதும் கரகரத்தால் ஏதோ ஒரு கெபாசிட்டரோ டிரான்சிஸ்டரோ போயிருக்கலாம். அதையும் மாற்ற முடியும். பழையது பிழைத்துக்கொண்டால் டாக் (டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் பகுதி) உள்ளடங்கிய சின்ன ஸ்ட்ரீமர் ஒன்றை வாங்கி அதோடு இணைத்தால் போதும். மெக்கானிக் கைவிரித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

நான் மாப்பிள்ளை பக்கம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

பெட்டிகளின் எண்ணிக்கையை விட அவற்றுக்குள் இருப்பவற்றின் ஆயுளைப் பாருங்கள். ப்ரீஆம்பின் அனலாக் பகுதி, குமிழ், சுவிட்ச், பவர் சப்ளை இவையெல்லாம் மெதுவாகக் கிழடு தட்டுபவை. உங்களுடையதே 25 வருடம் உழைத்திருக்கிறது. ஸ்ட்ரீமிங் பகுதி அப்படியில்லை. அது ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பாட்டுச் சேவைகள் தங்கள் முறையை மாற்றும்போது அதுவும் மாறியாக வேண்டும். நிறுவனம் மென்பொருளைக் கைவிட்டால் பெட்டி நல்ல நிலையில் இருக்கும்போதே ஊமையாகிவிடும். லாஜிடெக் தன் ஸ்குவீஸ்பாக்ஸ் ஸ்ட்ரீமர் வரிசையை 2012-இல் நிறுத்தியது. மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் ஆர்வலர்கள் அதை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். கூகுள் தன் குரோம்காஸ்ட் ஆடியோவை 2019 ஜனவரியில் நிறுத்தியது. என் வீட்டிலும் எல்லாம் சேர்ந்த பெட்டி ஒன்று இருந்தது. அதன் ஆப் புதிய போனில் திறக்க மறுத்த நாளில் நான் உண்மையிலேயே வருந்தினேன். ஆனால் அதில் ஆப்டிகல் உள்ளீடு இருந்தது. சின்ன ஸ்ட்ரீமர் ஒன்றை அதில் செருகினேன். அதன்பின் ஆறு வருடம் அது ப்ரீஆம்பாகவே உழைத்தது.

என் நிபந்தனை அதுதான். வாங்கும் பெட்டியில் ஒரு ஜோடியாவது அனலாக் உள்ளீடு, ஒரு ஆப்டிகல் உள்ளீடு, பவர் ஆம்புக்குப் போகும் ப்ரீ அவுட் ஆகியவை இருக்க வேண்டும். இன்டர்நெட்டும் ஆப்பும் இல்லாமல் ரெக்கார்டு கேட்க முடிகிறதா என்று கடையிலேயே வைஃபையை அணைத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் வேண்டாம்.

கடைக்காரரின் பயத்தில் ஓர் இடத்தில் நியாயம் இருக்கிறது. சிடி ப்ளேயர் தருவது சுமார் 2 வோல்ட். உங்கள் டர்ன்டேபிளில் இருப்பது மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் என்றால் அது தருவது சுமார் 5 மில்லிவோல்ட், அதாவது 400-இல் ஒரு பங்கு. ரெக்கார்டு வெட்டும்போது பேஸைக் குறைத்தும் உச்ச ஸ்தாயியைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். ஃபோனோ ஸ்டேஜ் அதைத் தலைகீழாக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 1954-இல் வகுத்த ஆர்ஐஏஏ வளைவு என்பது இதுதான். பேஸைக் கூட்டும்போது 50 ஹெர்ட்ஸ் மின்சார உறுமலும் சேர்ந்து கூடிவிடும். இவ்வளவு நுண்ணிய சுற்றுக்குப் பக்கத்திலேயே வைஃபையும் ஸ்விட்சிங் பவர் சப்ளையும் இருப்பது கவலைக்குரியதுதான். நல்ல நிறுவனங்கள் உள்ளே உலோகத் தடுப்பு வைத்து இதைச் சமாளிக்கின்றன. நீங்களே சோதிக்கலாம். ஃபோனோவைத் தேர்ந்தெடுத்து, முள் ரெக்கார்டில் படாமல் தூக்கியபடி, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்து, ஸ்பீக்கருக்கு ஓரடி தூரத்தில் காதை வையுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டால் பரவாயில்லை. உறுமலோ டிக் டிக் என்ற சத்தமோ கேட்டால் அந்தப் பெட்டி ரெக்கார்டுக்கு ஆகாது.

அதே சமயம் நான்கு பெட்டி வைத்தால் உறுமல் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நான்கு பவர் கார்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எர்த், இடையே அத்தனை ஆர்சிஏ கேபிள். இரண்டு பெட்டிகளின் எர்த்தும் கேபிளின் உறையும் சேர்ந்து வளையமானால் உறுமல் தானாக வந்துவிடும். எனக்கு வரும் உறுமல் புகார்களில் பெரும்பகுதி இந்த வகைதான். சரிசெய்கிறேன் என்று எர்த் பின்னை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

இன்னொன்றும் சொல்வார்கள்: எல்லாம் சேர்ந்த பெட்டி அப்பாவின் ரெக்கார்டை டிஜிட்டலாக்கிவிடும் என்று. பல மாடல்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் எல்பியில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே கிடைப்பது சுமார் 70 டெசிபல். நல்ல 24 பிட் மாற்றி 100-ஐத் தாண்டும். இதில் இழக்க ஒன்றுமில்லை. டிஜிட்டல் வால்யூமும் அப்படித்தான். 6 டெசிபல் குறைத்தால் ஒரு பிட் போகும். 30 குறைத்தாலும் 24-இல் 19 பிட் மிஞ்சும், சிடிக்குத் தேவை 16.

டிஜிட்டலாக மாற்றுவதால்தான் உங்களுக்குப் பெரிய லாபமே கிடைக்கப்போகிறது. அதற்குக் காரணம் உங்கள் அறை. 14 அடிச் சுவர்களுக்கிடையே 40 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், 12 அடிச் சுவர்களுக்கிடையே 47 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் ஒலியலை நின்று வீங்கும். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களைப் போடுங்கள். பேஸில் ஒரு சுரம் மட்டும் குண்டாகவும் அடுத்தது ஒல்லியாகவும் கேட்டால் அது உங்கள் அறையின் வேலை. எத்தனை லட்சம் போட்டுத் தனித்தனிப் பெட்டி வாங்கினாலும் அது போகாது. என்ஏடி சி 658 போன்ற பெட்டிகளில் டைராக் லைவ் என்ற அறைத் திருத்தம் உள்ளேயே இருக்கிறது. மைக் வைத்து அளந்து அந்த வீக்கத்தைத் தட்டையாக்கும். வீம் அல்ட்ரா போன்ற சின்னப் பெட்டிகளிலும் மூவிங் மேக்னட் ஃபோனோ உள்ளீட்டோடு எளிய அறைத் திருத்தம் வருகிறது. தனித்தனியாக வாங்கினால் இதற்கென்று ஐந்தாவதாக ஒரு பெட்டி தேவைப்படலாம்.

மொட்டைச் சுவரின் எதிரொலியை மட்டும் எந்தத் திருத்தமும் தீர்க்காது. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே கனமான ஜமுக்காளம் ஒன்றை விரியுங்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை, பின்சுவரில் புத்தக அலமாரி. இதைச் செய்த அன்றே பாடகரின் குரல் தெளிவதைக் கேட்பீர்கள்.

தனித்தனியாக வாங்குவது யாருக்குச் சரி? மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு. அது தருவது பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூட இருக்காது. அதற்கென்றே செய்த ஃபோனோ ஸ்டேஜ் வேண்டும். பழைய 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்ப்பவருக்கும் அப்படியே. அவற்றுக்கு அகலமான முள் தேவை. பல ஆர்ஐஏஏ-வுக்கு முந்தையவை என்பதால் அவற்றின் வளைவும் வேறு.

ஒரே பெட்டி வாங்குவதால் உங்களிடம் மிஞ்சும் பணத்தில் முதல் செலவு முள்ளுக்கு. வைர முள் சுமார் 500 முதல் 1,000 மணி நேரம் ஓடும். உங்களுடையதை எப்போது மாற்றினீர்கள் என்று நினைவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். தேய்ந்த முள் அப்பாவின் ரெக்கார்டுகளை உழுதுவிடும். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது.

முடிவெடுப்பதற்கு முன் பெட்டியை மூன்று நாள் வீட்டுக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய ப்ரீஆம்போடு ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக வையுங்கள். ஒரே சோதனை ஒலியைப் போட்டு, போனில் உள்ள சத்த அளவி ஆப்பால் அளந்தால் போதும். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். கடையில் காது ஏமாறுவது இதனால்தான். கேட்பதற்கு, உங்களுக்கு ஒவ்வொரு கீறலும் மனப்பாடமான அப்பாவின் ரெக்கார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.