பக்கெட் கணக்கில் ஒரு தொழில்

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டு, சென்னையின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டது. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த மெட்ரோவாட்டர் அதை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்தது. ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும், ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்ததும் செய்தியாயின. வாட்டர் வாஷ் கடை வைத்திருப்பவர், சின்டெக்ஸ் தொட்டி கழுவுபவர், தெருமுனையில் சலவைக் கடை நடத்துபவர் அந்தக் கோடையை எப்படிக் கடந்தார்கள் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. தண்ணீரையே முதலாகப் போட்டு நடக்கும் தொழில்கள் இவை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடுகளைச் சுத்தம் செய்துதரும் சிறிய குழு ஒன்றை நடத்திவருகிறேன். இங்கு எழுதுவது அந்த அனுபவமும், வேளச்சேரி பிரதான சாலையிலும் கேம்ப் ரோட்டிலும் அதே பாட்டைப் படும் மற்றவர்களின் அனுபவமும்.

முதலில் எங்கள் ஊரின் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்தில் மண்ணுக்கடியில் இருப்பது சார்னோகைட் என்ற கடும்பாறை. நிலவியலாளர்கள் அந்தப் பாறைவகைக்கு மூல இடமாகக் காட்டுவதே பரங்கிமலையைத்தான். கடற்கரைப் பக்கம் மணல் நீரைப் பிடித்துவைப்பதுபோல இந்தப் பாறை பிடித்துவைக்காது. மேலே கொஞ்சம் சிதைந்த மண், கீழே பாறை வெடிப்புகள், அவ்வளவுதான் நீர் நிற்கும் இடம். உங்கள் போரில் காற்று வரும்போது பக்கத்து வீட்டுப் போரில் தண்ணீர் வருவதற்குக் காரணம் அந்த வெடிப்புதான். ராஜகீழ்ப்பாக்கம் ஏரியும் செம்பாக்கம் ஏரியும் மாடம்பாக்கம் ஏரியும் நிறைந்திருந்தால் கிணறுகள் தாங்கும். 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் தாங்கவில்லை. அப்போது இந்தப் பகுதி மெட்ரோவாட்டர் எல்லைக்குள்ளும் இல்லை, தாம்பரம் மாநகராட்சியும் பிறக்கவில்லை (அது 2021 நவம்பரில்தான்). சொந்தப் போர் வற்றினால் தனியார் டேங்கர், அதை விட்டால் வழியில்லை.

வறட்சிக் காலக் கட்டுப்பாடு என்றால் அரசு உத்தரவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெங்களூருவில் அப்படித்தான் நடந்தது. 2024 மார்ச்சில் அங்குள்ள குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவுவதையும் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதையும் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதம் என்றது. மூன்றே நாளில் 22 வீடுகளிடம் வசூலும் செய்தது. அதே ஆண்டு மே மாதம் டெல்லியில் ஓஸ் பிடித்துக் கார் கழுவினால் 2,000 ரூபாய். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்தான் என்று வரம்பு வைத்தார்கள். நகராட்சிக் குடிநீரில் வண்டி கழுவவே கூடாது என்றும் இருந்தது. எங்கள் பக்கம் 2019இல் அப்படி எந்த உத்தரவும் வந்து எங்களைத் தடுக்கவில்லை. கட்டுப்பாடு வேறு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, டேங்கர் லோடின் விலை. அது இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. மற்றது, அபார்ட்மெண்ட் லிஃப்ட் பக்கத்தில் அசோசியேஷன் ஒட்டிய நோட்டீஸ்: காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் மட்டுமே தண்ணீர்.

உத்தரவைவிட இது கடினம் என்பேன். உத்தரவு வந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் வரும், விலக்கு கேட்கலாம், வாடிக்கையாளருக்கும் காரணம் புரியும். நோட்டீஸ் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு விதம். ஆட்களோடும் மெஷினோடும் வாசலில் போய் நின்ற பிறகுதான் குழாய் மூடியிருப்பது தெரியும்.

அதனால் முதல் பாடம், வேலை ஒப்புக்கொள்ளும்போதே தண்ணீர் யாருடையது, எத்தனை பக்கெட், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்வது. கேட்கக் கூச்சப்படக் கூடாது. கோடையில் அசோசியேஷன் செக்ரட்டரியிடமே நேராகப் பேசிவிடுவது இன்னும் நல்லது. இத்தனை பக்கெட்டில் முடிப்போம் என்று முன்கூட்டிச் சொல்லும் குழுவை அவர்கள் உள்ளே விடுவார்கள். ஓஸ் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வருபவரை விடமாட்டார்கள்.

அடுத்தது விலை. 12,000 லிட்டர் லோடு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 25 காசு. குழாயில் செருகிய ஓஸ் நிமிடத்துக்குச் சுமார் 12 லிட்டர் கொட்டும். கால் மணி நேரம் பிடித்தால் 180 லிட்டர், அதாவது ஒரு காருக்கு 45 ரூபாய் தண்ணீரிலேயே போகிறது. லோடு 6,000 ஆனால் 90 ரூபாய். ஷாம்புக்கும் ஆள்கூலிக்கும் கணக்கு எழுதும் பல வாட்டர் வாஷ் கடைகளில் தண்ணீருக்குத் தனிக் கணக்கு கிடையாது. கல்லாவில் பணம் ஏன் நிற்கவில்லை என்பது அதனால்தான் பிடிபடுவதில்லை. மார்ச் மாதம் பிறந்ததும் கோடை விலைப்பட்டியலைத் தனியாக மாட்டி, தண்ணீர்ச் செலவு இவ்வளவு என்று அதிலேயே காட்டிவிடுங்கள். தானும் டேங்கர் வாங்கிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர் அதை மறுத்துப் பேசுவது அரிது.

தண்ணீரைக் குறைக்கும் வழிகளில் பிரஷர் வாஷரைத்தான் முதலில் சொல்வேன். பார்ப்பதற்கு நீரை வாரி இறைப்பதுபோல் தெரியும். உண்மையில் சிறிய மின்சார மெஷின் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் அளவுதான் எடுக்கும், ஓஸில் பாதி. விசையைவிட்டு விரலை எடுத்தால் நின்றும்விடும். நுரையடித்து, தூசி ஊறிய பிறகு கழுவினால் ஒரு காரை 40, 50 லிட்டருக்குள் முடிக்கலாம். அதற்கும் வழியில்லாத நாளில் இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் துணி அலச நல்ல நீர். மைக்ரோஃபைபர் துணி நிறைய வேண்டும். தூசி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள், பெயிண்டில் கீறல் விழும். வறட்சியில் தூசி இன்னும் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தண்ணீர் குறையும்போது அழுக்கும் சேர்ந்து குறைவதில்லை. கேட்டு வருபவர்கள் அதிகமாகத்தான் இருப்பார்கள்.

வீட்டுச் சுத்தத்தில் எல்லாமே வரிசையில் இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய புதுவீட்டில் சிமெண்ட் தூசியின்மேல் முதலில் தண்ணீரை ஊற்றினால் அது குழம்பாகி, பிறகு பத்து பக்கெட் ஊற்றினாலும் போகாது. வாக்குவம் போட்டு, பெருக்கி, பெயிண்ட் துளிகளை பிளேடால் சுரண்டி, கடைசியில்தான் ஈரத்துணி. அப்போதும் ஒரே தண்ணீர் இறங்கி இறங்கிப் போக வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்கும் சமையலறை மேடைக்கும் முதல் நீர், அறைத் தரைக்கு அடுத்து, பால்கனிக்கு அதற்கும் அடுத்து, கழிப்பறைக்கு எல்லாவற்றுக்கும் கடைசி. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரைத் தரை துடைக்கப் பிடித்துவைக்கச் சொல்லலாம். கண்ணாடிக்கு அது ஆகாது, உப்பு வெள்ளையாகப் படியும். கண்ணாடிக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரே போதும். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு இருக்காது.

உப்புதான் இந்த ஊரில் கோடையின் இன்னொரு முகம். நீர்மட்டம் இறங்க இறங்கப் பல போர்களில் தண்ணீர் கடினமாகிறது. சோப்பு நுரைக்காது, டைல்ஸில் வெள்ளைத் திட்டு, குழாய் வாயில் சுண்ணாம்பு. உடனே ஆள் ஆசிட் பாட்டிலைத் தேடுவார். ஆசிட் போட்டால் அதைக் கழுவவே நாலைந்து பக்கெட் வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்து, துணியில் நனைத்து, கறையின்மேல் அரைமணி சுற்றிவைத்தால் குறைந்த நீரில் வேலை முடியும். மார்பிளில் மட்டும் அதைப் படவிடக் கூடாது, பளபளப்பை அரித்துவிடும். இதைவிட முக்கியமானது ஒன்று. தண்ணீர் இல்லாத நாளில் மருந்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே தரையில் கொட்டிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும்பும். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் மாப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தொட்டி, சம்ப் கழுவுபவர்களின் பாடு வேறு. கலங்கலான டேங்கர் தண்ணீர் அடியில் மண்ணாகத் தங்கும். கழுவ வேண்டிய தேவை அதிகம். ஆனால் அடியில் கிடக்கும் அரையடி நீரைக் கொட்ட வீட்டுக்காரருக்கு மனம் வராது. அடுத்த லோடு வரும் நாளைக் கேட்டு, அதற்கு முந்தைய மாலையில் வேலையை வைத்துக்கொண்டால் இந்தச் சச்சரவே எழாது. மேல்நீரை டிரம்களில் எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கலங்கல் நீரைக் கொண்டே சுவரைத் தேய்த்து, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல நீர். நல்ல தண்ணீர் சம்ப்தானே என்று மூடியைத் திறந்த உடனே இறங்கிவிட வேண்டாம். நெடுநாள் மூடிக்கிடந்த சம்பில் காற்று கெட்டிருக்கலாம். திறந்து காற்றாட விட்டு, மேலே ஒருவர் காவல் நிற்க, கீழே ஒருவர்.

எனக்கு ஆற்றாமை தருவது கூலி விஷயம். நோட்டீஸ் ஒட்டியதால் வேலை நின்றுபோன நாளில் முதலாளிக்கு லாபம்தான் குறைகிறது. தினக்கூலிப் பெண்ணுக்கு அன்றைய வருமானமே போகிறது. வாசல்வரை வந்தவருக்கு அரைக்கூலியாவது கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணமாக வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்றை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. தண்ணீரை நிறுத்தும் கட்டடங்களில் வேலையாட்களின் கழிப்பறைதான் முதலில் பூட்டப்படுகிறது. நாள் முழுக்க மற்றவர் வீட்டைக் கழுவும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள், அதுவும் மே மாதத்தில். கழிப்பறையைத் திறந்துவைத்தால்தான் வருவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவதில் தவறில்லை.

சொந்த ஷெட் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்திலேயே தொடங்க வேண்டும். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். 1,000 சதுர அடிக் கூரையில் விழுவது சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டர், அதாவது எட்டு லோடு. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுவதால் தொட்டியில் பிடித்துவைக்க முடியாது. பழைய உறைகிணறு இருந்தால் வடிகட்டி அதில் இறக்குவதே சரி. வண்டி கழுவிய நீரையும் மூன்று அறைத் தொட்டியில் தெளியவிட்டு, எண்ணெயைப் பிரித்து, முதல் கழுவலுக்கு மறுபடி எடுக்கலாம். அப்படியே மழைநீர்க் கால்வாயில் விட்டால் அது போய்ச் சேருமிடம் ஏரியும், அதையடுத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பும்தான். நம் போருக்கு நீர் ஊறுவதும் அந்த ஏரிகளிலிருந்துதான்.

தாம்பரம் மாநகராட்சியிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த வறட்சியில் இங்கும் பெங்களூருவைப் போல அபராத உத்தரவு வரலாம், வருவது நியாயமும்கூட. அதற்கு முன் சுத்திகரித்த கழிவுநீரைச் சிறு லோடுகளாக, நியாயமான விலைக்கு, வாட்டர் வாஷ் கடைகளும் துப்புரவுக் குழுக்களும் எடுத்துக்கொள்ள ஒரு நிரப்பு நிலையம் திறந்துகொடுங்கள். வண்டி கழுவவும் வாசல் கழுவவும் யாரும் குடிநீர் கேட்கவில்லை.